நரம்புள்ள நாக்கு

கதவை மட்டும்தான் கழற்ற முடிந்தது.
ஜன்னல்களுக்காக நிகோலாவ் சுத்தியலோடு வந்தபோது
பின்சுவர் சாய்ந்திருந்தது.

அவசரமே இல்லாத நெருப்பு அது.
பன்றிக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வரலாம்,
பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துவிட்டு வரலாம்,
வந்து பார்த்தால்
வேலியைத் தாண்டி ஒரு முழம் நகர்ந்திருக்கும்.
கண்ணாடி நொறுங்கும் ஓசையோடு
கறுப்பாய் உருண்டு உருண்டு,
தவணை கேட்க வந்தவனைப் போல
உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

எங்கள் தீவுக்குப் பெயரே தீ.
ஃபோகோ, ஃபோகோ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு
சூடு ஆறிப்போன சொல்.
படகில் வருகிறவர்கள் கேட்கிறார்கள்:
எரிமலையின் வாய்க்குள்ளா ஊரைக் கட்டுவீர்கள்?
இந்தச் சாம்பலில் விளைந்த திராட்சை அது
என்று கோப்பையை நீட்டுவேன்.
இரண்டாவது கோப்பைக்குப் பிறகு
யாரும் கேட்பதில்லை.

எழுபது நாளுக்கு மேல் எரிந்து அடங்கியதும்
எல்லோரும் அளந்தார்கள்.
என் அடுப்படிக்கு மேல் பதினோரு அடி பாறை.
உத்தேசமாக வாசல் இருந்த இடத்தில்
கதவை நிமிர்த்திக் கல் அண்டை கொடுத்தேன்.
முன்னும் பின்னும் ஒன்றுமில்லாத
நீலக் கதவு.
நிகோலாவ் சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை.
அப்புறம் அமெரிக்கா போனான்,
பிராக்டனில் இரவு வேலை,
மருத்துவமனையில் தரை துடைக்க.

ஏழு வருஷம்.
பாசி கூட எங்கள் பக்கம் யோசித்துத்தான் வந்தது.
முதலில் நரைத்த சுணைபோல ஏதோ ஒன்று,
பிறகு பாறை வெடிப்புகளில் காட்டு லாவண்டர்,
வயிற்றுவலிக்குக் காய்ச்சும் கசப்புத் தழை.
போன பிப்ரவரியில்
கதவுக்கு நாலடி தள்ளி,
மூன்று பக்கமும் பாறை மறித்த பொந்தில்,
அது.

மாட்டு நாக்கு என்போம்.
நீண்ட இலை, வெள்ளி மயிர், சொரசொரப்பு.
விடியலில் மேகம் இறங்கும்போது
ஒவ்வொரு மயிரிலும் ஒரு சொட்டு.
தீயின் நாக்கு நக்கிப்போன இடத்தை
இந்த நாக்கு
மெதுவாக நக்கிக்கொண்டிருந்தது,
ஈன்ற பசு கன்றை நக்குவதுபோல.
நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும்.
இதற்கு நடுவில் ஒரு தடித்த நரம்பு,
பேச்சே இல்லை.

பூங்கா அலுவலகத்துப் பெண் ஜாசிரா
மண்டியிட்டு அளந்தாள், படம் எடுத்தாள்.
"இந்த மலையை விட்டால்
உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது."
நானும்தான் என்றேன்.
அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை.
"ஆட்டைக் கட்டிப்போடுங்கள்" என்பதை மட்டும்
இரண்டு முறை சொன்னாள்.

அவளிடம் நான் சொல்லாதது:
கல்யாணமான புதிதில்
மேல்சரிவு ஏறி இதைத்தான் ஒடித்து வருவேன்.
நன்றாக எரியும்.
எத்தனை பானை சோளம் வெந்திருக்கும் இதில்.
புகை கொஞ்சம் இனிக்கும்.

ஆடு மோரேனாவுக்குக் கயிறு ஒரு பொருட்டல்ல.
முதல் வாரமே ஒரு இலையைக் கடித்துவிட்டு
என்னைப் பார்த்தபடி அசை போட்டாள்.
அன்று சாயங்காலம்
அண்டைக் கற்களை எடுத்தேன்.
முதுகில் சாய்த்து, நாலடி தூரம்,
நாலு இடத்தில் இறக்கி வைத்து,
கதவைப் பொந்தின் வாயில் பொருத்தினேன்.
அளவெடுத்துச் செய்தது மாதிரி இல்லை.
இடது பக்கம் கையளவு இடைவெளி,
அதில் ஒரு பழைய டயர்.

ஞாயிறு இரவு நிகோலாவ் பேசினான்.
பனி, வாடகை, முழங்கால்.
கடைசியில் எப்போதும்போல,
கதவு இருக்கிறதா?
இருக்கிறது.
நின்றுகொண்டா?
மூடிக்கொண்டு, என்றேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.
உள்ளே யார் என்று கேட்டான்.
வெள்ளைப் பூ, ஊதாக் கோடு,
இந்த வருஷம்தான் முதல் தடவை என்றேன்.

இப்போது என் தகரக் கூரை வீடு
அதே பாறைமேல், கூப்பிடு தூரத்தில்.
தரை இன்னும் சில மூலைகளில் வெதுவெதுப்பு,
மாவு அங்கேதான் புளிக்கும்.
நடுராத்திரியில் மோரேனா அறுத்துக்கொண்டு போய்க்
கொம்பால் கதவைத் தட்டுகிறாள்.
தூக்கக் கலக்கத்தில் நான்
யாரது என்கிறேன்.